மனித நகர்வும் இயற்கை விஞ்ஞான விதிகளும் – ஒரு விமரிசன நோக்கு

ஓர் அறிவுத்துறை தனது ஆய்வுப் பொருளை எவ்வாறு வரையறுத்துக் கொள்கின்றதோ, அவ்வரையறையே அது காணக்கூடிய முடிவுகளின் எல்லையையும் பெரிதும் தீர்மானித்து விடுகின்றது. ஒரே பொருளை இரு துறைகள் வெவ்வேறு வரையறைகளோடு அணுகும்போது இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். மனித நகர்வு பற்றிய ஆய்வுகள் இதற்குத் தக்க சான்றாகும்.

2006ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், 'நேச்சர்' என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் டேர்க் புரொக்மன் முதலிய பௌதிகவியலாளர் மூவர், மனிதப் பயணத்தின் தூரங்கள் ஒரு கணித விதிக்கு அமைந்து பரம்பியுள்ளன என்பதை நிறுவும் கட்டுரையொன்றை வெளியிட்டனர். அதே ஆண்டில் மிமி ஷெல்லர், ஜோன் உறி என்னும் சமூகவியலாளர் இருவர், சமூக விஞ்ஞானங்கள் மனிதரை ஓரிடத்தில் நிலைத்திருப்போராகவே கருதி வந்துள்ளன எனக் குற்றஞ்சாட்டி, நகர்வினை மையமாகக் கொண்ட புதிய சிந்தனைச் சட்டகமொன்றை முன்வைத்தனர். ரிம் கிரெஸ்வெல் என்னும் புவியியலாளர், நவீன மேலைநாட்டு வாழ்வில் நகர்வு பெற்ற பொருளை ஆராயும் நூலொன்றை வெளியிட்டதும் அவ்வாண்டிலேயேயாம். பொருள் ஒன்று, ஆண்டும் ஒன்று. ஆயினும் ஒரு சாரார் எழுப்பிய வினா "மனிதன் எவ்வளவு தூரம் செல்கிறான்?" என்பது. மறு சாரார் எழுப்பிய வினா "செல்பவர் யார், எதன் பொருட்டு, எவரது அனுமதியோடு செல்கிறார்?" என்பது. இவ்விரு வினாக்களும் ஒன்றையொன்று சந்திக்காமை வெறும் கல்விசார் குறைபாடு மட்டுமன்று. வீதி அமைப்போர், கொள்ளைநோய்க் காலத்தில் ஊர்களை மூடுவோர், எல்லையைக் காவல் செய்வோர் ஆகிய அனைவரும் இன்று முதலாவது வினாவின் விடையை நாடிச் செல்கின்றனர். அவ்விடை எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்பதை ஆராய்வது ஆகவே அவசியமாகின்றது.

இப்பிரச்சினையின் வேர்கள் 19ஆம் நூற்றாண்டில் உள்ளன. பிரித்தானியக் குடித்தொகைப் புள்ளிவிபரங்களில் வல்லவராக விளங்கிய வில்லியம் ஃபார், குடிப்பெயர்வு திட்டவட்டமான எந்த விதிக்கும் உட்படாது நிகழ்வதாகத் தோன்றுகின்றது என்னும் கருத்துப்படக் கூறியிருந்தார். அக்கூற்றினை ஏற்காது ஆய்வில் இறங்கியவர் ஏர்ன்ஸ்ட் ஜோர்ஜ் ரேவன்ஸ்ரைன். ஜேர்மனியிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த இப்புவியியலாளர், 1881ஆம் ஆண்டின் குடிசன மதிப்பினை ஆதாரமாகக் கொண்டு, குடிப்பெயர்வின் விதிகள் பற்றிய தமது கட்டுரையை 1885இல் வெளியிட்டார். பெயர்வோரிற் பெரும்பாலார் குறுகிய தூரமே செல்வர். நெடுந்தூரம் செல்வோர் வாணிப, கைத்தொழில் மையங்களையே நாடுவர். ஒவ்வொரு பெயர்வோட்டத்திற்கும் எதிரோட்டம் ஒன்று உண்டு. நகரத்தாரைக் காட்டிலும் கிராமத்தாரே மிகுதியாகப் பெயர்வர். குறுந்தூரப் பெயர்வில் ஆண்களை விடப் பெண்களே அதிகம் என்பன அவர் கண்ட முடிவுகளுட் சில. 1889இல் வேறு பல நாடுகளின் தரவுகளையும் சேர்த்து இரண்டாவது கட்டுரையை அவர் எழுதினார். இத்துறையின் பாடநூல்கள் இன்றும் அவரிடமிருந்தே தொடங்குகின்றன.

ரேவன்ஸ்ரைனின் உழைப்பு போற்றற்குரியது. எனினும் அவர் கையாண்ட 'விதி' என்னும் சொல் சிந்தனைக்குரியது. குடிசன மதிப்பு அவருக்கு அளித்தவை இரண்டு செய்திகளே: ஒருவர் பிறந்த இடம், கணக்கெடுப்பு நாளன்று அவர் இருந்த இடம். இவற்றுக்கு இடைப்பட்ட வாழ்வு முழுவதும் ஏட்டில் இல்லை. எத்தனை ஊர்களில் வேலை தேடினார், எங்கிருந்து விரட்டப்பட்டார், எப்போது மீண்டார் என்பன எவையும் அங்கு இடம்பெறவில்லை. இரு புள்ளிகளும் அவற்றுக்கிடையே ஒரு நேர்கோடுமே எஞ்சின.

அக்கோடுகள் ஓர் ஒழுங்கினைக் காட்டியமைக்குக் காரணமும் உண்டு. இங்கிலாந்தில் 1662ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், வேற்றூரில் வறுமையுறக் கூடும் எனக் கருதப்பட்டவரை அவரது சொந்தப் பங்கிற்கே திருப்பியனுப்ப அதிகாரிகளுக்கு இடமளித்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அத்தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. புகையிரதப் பாதைகள் பரவின. ஆலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். நிலத்திலிருந்து பிரிக்கப்பட்ட உழவர் கூலி உழைப்பாளராயினர். தம் உழைப்பை விற்பதற்கு எங்கும் செல்லக்கூடியவராகவும், விற்றேயாக வேண்டியவராகவும் மக்கள் மாறியிருந்த சமுதாயத்தின் ஒழுங்கையே ரேவன்ஸ்ரைன் கண்டார். அஃது அச்சமுதாயத்தின் ஒழுங்கு. அதனை மனித இயல்பின் ஒழுங்காகக் கொண்டமையே தவறு. 1662ஆம் ஆண்டின் சட்டம் முழு வலிமையோடு இயங்கிய காலத்தில் இவ்வாறான கணக்கெடுப்பு நிகழ்ந்திருப்பின், வேறு விதிகள் கிடைத்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

இவ்விடத்தில் ரேவன்ஸ்ரைனுக்கு நியாயம் வழங்குவதும் கடமையாகும். கொடிய சட்டங்கள், கடும் வரிகள், ஒவ்வாத சுற்றாடல், அடிமை வாணிபம், குற்றவாளிகளை நாடுகடத்துதல் முதலிய நிர்ப்பந்தங்களும் பெயர்வுக்குக் காரணமாவதை 1889ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவரே ஏற்றுக்கொள்கிறார். ஆயின், பொருளாதார நிலையில் உயர வேண்டும் என்னும் விருப்பினால் எழும் பெயர்வின் தொகையோடு இவை ஒப்பிடத்தக்கன அல்ல என்பது அவரது தீர்ப்பு. நிர்ப்பந்தத்தை அவர் மறைக்கவில்லை, ஓரத்தில் ஒதுக்கினார். அவருக்குப் பின் வந்தோர் அந்த ஓரத்தையும் வெட்டிவிட்டனர்.

பௌதிகவியலின் செல்வாக்கு இத்துறையில் நேரடியாகப் புகுந்தது ஈர்ப்பு என்னும் உவமையின் வழியாகும். 1858இலேயே அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி கேரி, மனிதக் கூட்டங்களின் ஈர்ப்பை நியூற்றனின் விதியோடு ஒப்பிட்டிருந்தார். 1940களில் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக வானியல் அறிஞர் ஜோன் குவின்சி ஸ்ருவாட் அவ்வொப்புமைக்குக் கணித வடிவம் அளித்தார். 1946இல் ஜோர்ஜ் ஸிப் என்பார், இரு நகரங்களுக்கிடையே நிகழும் போக்குவரத்து அவற்றின் குடித்தொகைகளின் பெருக்கத்துக்கு நேர் விகிதத்திலும், இடைத்தூரத்துக்கு நேர்மாறு விகிதத்திலும் அமையும் எனக் கூறினார். குடித்தொகை திணிவாயிற்று, நகரம் கோளாயிற்று, மனிதன் துணிக்கையானான். இவ்வாறு தூரத்திற்கே காரணத் தன்மை கற்பிப்பதைச் சாமுவேல் ஸ்ரவுஃபர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1940லேயே ஏற்கவில்லை. தூரம் தன்னளவில் எதனையும் தீர்மானிப்பதில்லை. வழியிலுள்ள வாய்ப்புக்களே தீர்மானிக்கின்றன என்பது அவரது வாதம். 2012இல் பிலிப்போ சிமினி முதலிய ஆய்வாளர், கதிர்வீச்சு வெளிவிடப்பட்டு உறிஞ்சப்படும் முறையை ஒப்புமையாகக் கொண்டு அமைத்த புதிய மாதிரியுருவும் ஸ்ரவுஃபரின் இக்கருத்துக்கு நெருங்கியதேயாகும். உவமை மாறியது, ஆனால் தடையின்றித் தெரிவு செய்யும் மனிதன் என்னும் எடுகோள் மாறவில்லை.

ஒரு விதியின் தகுதியை அது தோன்றிய இடத்திற்கு வெளியே வைத்துச் சோதிப்பதே முறை. ரேவன்ஸ்ரைன் தமது அட்டவணைகளை ஆராய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே பேரரசின் கீழ், மற்றொரு பெருநகர்வு நடைபெற்றுக்கொண்டிருந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பாக்குநீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாக மாத்தளை வரை நடந்து, மலைநாட்டின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களை அடைந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். பெரிய திணிவு, குறுகிய தூரம், ஊதிய வேறுபாடு என்னும் மூன்றும் இங்கே உண்டு. ஆகவே ஈர்ப்பு விதி இதனை விளக்கிவிட்டது போலத் தோன்றும்.

உண்மை அவ்வளவு எளிதன்று. இந்நகர்வின் நடுவே நின்றவன் கங்காணி. ஊரிலே முற்பணம் கொடுத்து, உறவினரையும் ஊரவரையும் கூட்டாகச் சேர்த்து அழைத்து வந்தவன் அவன். வழிச்செலவும் முற்பணமும் தொழிலாளியின் பெயரிற் கடனாக நின்றன. தோட்டம் மாற விரும்பியவர் கடன் தொகை எழுதப்பட்ட துண்டு ஒன்றைப் பெற்றாக வேண்டும். அக்கடனைப் புதிய தோட்டம் ஏற்றுத் தீர்த்தாலன்றி அவருக்கு அங்கே வேலை இல்லை. 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை இத்துண்டு முறை நிலவியது. கடலைக் கடந்து நூற்றுக்கணக்கான மைல் வந்தவர், அடுத்த மலையிலுள்ள தோட்டத்திற்குச் செல்ல முடியாது நின்றார். குறுந்தூரம் செல்வோரே அதிகம் என்னும் விதி இங்கே தலைகீழாகின்றது. தூரத்தை நிர்ணயித்தது மைற்கல் அன்று, கடன் துண்டேயாம்.

இதனினும் கூர்மையான சோதனை பின்னர் வந்தது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவர் எனவும், 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறுவர் எனவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னொரு காலத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. பாக்குநீரிணை அகலவுமில்லை, குறுகவுமில்லை. இருகரையிலும் குடித்தொகை பெருகியதேயன்றிக் குறையவில்லை. ஸிப்பின் சூத்திரத்தில் இடம்பெறும் எந்தக் கணியத்தாலும் இந்நகர்வை வருவிக்க முடியாது. அச்சூத்திரத்திற்குத் திசையே கிடையாது. அஃது இரு இடங்களுக்கிடையே உள்ள போக்குவரத்தின் அளவை மட்டுமே கூறும். ஆனால் தலைமன்னாரிற் கப்பலேறியவர்களுக்குத் திசை ஒன்றே முக்கியமாயிருந்தது. அதனைத் தீர்மானித்தவை இரண்டு கையொப்பங்கள்.

பழைய ஆய்வாளரிடம் தரவு குறைவாயிருந்தது என்றும், இன்றைய விஞ்ஞானம் அக்குறையைப் போக்கிவிட்டது என்றும் இதற்கு விடை கூறப்படலாம். அவ்வாதத்தை ஆராய்வதும் தகும். முற்குறிப்பிட்ட 2006ஆம் ஆண்டு ஆய்வில் புரொக்மனும் பிறரும் அமெரிக்க டொலர்த் தாள்களின் பயணத்தைப் பின்தொடர்ந்தனர். பொழுதுபோக்காகத் தாள்களின் தொடரிலக்கங்களைப் பதிந்துவந்தோர் திரட்டிய தரவுகளிலிருந்து 4,64,670 தாள்களின் இயக்கம் ஆராயப்பட்டது. கொள்ளைநோய் எவ்வாறு பரவும் என்பதை அறிவதே அவர்களின் நோக்கம்; அந்நோக்கத்திற்குக் கையிலிருந்து கைக்கு மாறும் தாள் பொருத்தமான பதிலியுமாகும். ஆனால் தாள் செல்வது ஒருவரின் பயணமன்று; பலரின் பயணங்களை ஒட்டிய கோவை. 2008இல் மார்த்தா கொன்சாலஸ், சேசர் ஹிடால்கோ, அல்பேர்ட் லாஸ்லோ பரபாசி ஆகியோர் இக்குறையை உணர்ந்து, 1,00,000 கையடக்கத் தொலைபேசிப் பாவனையாளரின் ஆறு மாத நகர்வை ஆராய்ந்தனர். மனிதர் தாள்களைப் போல் அலைவதில்லை. சில இடங்களுக்கே மீண்டும் மீண்டும் திரும்புகின்றனர் என்பது அவர்களின் முக்கிய கண்டுபிடிப்பு. இஃது உண்மையான முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அடுத்த படி நோக்கற்பாலது. ஒவ்வொருவரும் வழமையாகச் சுற்றித்திரியும் வட்டத்தின் பருமன் வேறுவேறானது என்பதை அவர்கள் கண்டனர். சிலரது வட்டம் ஒரு சில கிலோமீற்றருள் அடங்கும்; சிலரதோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு விரியும். அப்பருமனால் ஒவ்வொருவரது நகர்வையும் வகுத்துப் பார்த்தபோது, அனைவரது நகர்வும் ஒரே வளைகோட்டில் வந்து விழுந்தது. மனிதர் அனைவரும் ஒரே எளிய பாங்கினைப் பின்பற்றுகின்றனர் என்னும் முடிவு இவ்வாறே பிறந்தது. கணிதத்தில் இது பிழையற்ற செயல். ஆனால் வகுத்து நீக்கப்பட்டது எது? ஒருவரது உலகம் ஐந்து கிலோமீற்றராகவும் மற்றொருவரது உலகம் ஐந்நூறு கிலோமீற்றராகவும் இருப்பதற்கான காரணமே அங்கு நீக்கப்பட்டது. சமூக ஆய்வு தொடங்க வேண்டிய இடத்தில் இவ்வாய்வு அதனைக் கழித்துவிடுகின்றது.

2010இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான சோமிங் சொங் முதலியோரின் கட்டுரை, மனித நகர்வை முன்கூட்டியே அறிவதற்கான உச்ச எல்லை 93 சதவீதம் எனக் கணித்தது. 50,000 பேரின் மூன்று மாதத் தரவு இதற்கு அடிப்படை. அவ்வைம்பதினாயிரவரும் தெரிவு செய்யப்பட்ட விதம் கவனத்திற்குரியது. சராசரியாக மணிக்கு அரை அழைப்பு என்னும் அளவிலேனும் தொலைபேசியைப் பயன்படுத்துவோரே தெரிவில் இடம்பெற்றனர். தரவு அடர்த்தியாக இருத்தல் வேண்டும் என்பதால் இந்நிபந்தனை தேவைப்பட்டது. ஆனால் அதன் விளைவாக, அழைப்பதற்குக் காசில்லாதவரும், ஒரு தொலைபேசியைக் குடும்பமாகப் பயன்படுத்துவோரும், தொலைபேசியே இல்லாதவரும் 'மனிதர்' என்னும் சொல்லின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டனர்.

அளவுகோல் காணாததை ஆய்வாளன் காணாது விடுதல் மனித நகர்விற்கு மட்டும் உரிய குறையன்று. 1996இல் காந்திமோகன் விசுவநாதன் முதலியோர் தென் ஜோர்ஜியாத் தீவை அண்டி வாழும் அலைந்துதிரி அல்பற்றோஸ் பறவைகளின் பறப்பில், லெவிப் பறப்பு என வழங்கும் கணிதப் பாங்கு உண்டெனக் காட்டினர். பறவையின் காலிற் கட்டப்பட்ட கருவி, கால் நனைந்துள்ளதா உலர்ந்துள்ளதா என்பதையே பதிந்தது. உலர்ந்திருந்த நேரமெல்லாம் பறந்த நேரமெனக் கொள்ளப்பட்டது. 2007இல் அன்ட்ரூ எட்வேட்ஸ் முதலியோர் அத்தரவுகளை மீளாய்வு செய்தபோது, மிக நீண்ட பறப்புக்கள் எனக் கருதப்பட்டவை உண்மையில் பறவை தீவிலே கூட்டில் அமர்ந்திருந்த நேரங்கள் என்பது தெரியவந்தது. 2012இல் புதிய தரவுகளைக் கொண்டு, சில பறவைகளிடத்து அப்பாங்கு உண்டென்னும் கருத்து மீண்டும் முன்வைக்கப்பட்டது என்பதும் சொல்லப்பட வேண்டும். தன் பிழையைத் தானே திருத்தும் ஆற்றல் இயற்கை விஞ்ஞானத்தின் பெருமை. ஆனால் கூட்டில் அமர்ந்திருந்த பறவை நெடுந்தூரம் பறந்ததாக எழுதப்பட்ட பதினோராண்டுகள் தரும் பாடம் பெரிது. கருவி பதிந்தது நிலையை. ஆய்வாளர் வாசித்தது செயலை.

பறவைக்கு நேர்ந்த இப்பிழை மனிதருக்கு எதிர்த்திசையில் நேர்கின்றது. மனித நகர்வுத் தரவுகளில், அசையாதிருப்பவனின் தூரம் சுழி. தன் வீட்டுத் திண்ணையில் இளைப்பாறுபவனுக்கும் அதே சுழி. முட்கம்பிக்குள் இருப்பவனுக்கும் அதே சுழி. 2009ஆம் ஆண்டு போர் முடிவுற்றபின், செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கான மக்கள் தம் விருப்பப்படி வெளியேற முடியாதவாறு பல மாதங்கள் வைக்கப்பட்டிருந்தனர். தூரத்தை மட்டும் அளக்கும் எந்த அட்டவணையிலும் அவர்கள் ஓய்ந்திருந்த மக்களாகவே தோன்றுவர். கிரெஸ்வெல் தமது நூலில் வெறும் அசைவையும் நகர்வையும் வேறுபடுத்துகின்றார். அசைவு என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர்தல் மாத்திரமே. அதனோடு பொருளும் அதிகாரமும் சேர்ந்தபோதே அது நகர்வாகின்றது என்பது அவர் கருத்து. அசையாமைக்கும் இவ்வேறுபாடு பொருந்தும். ஓய்வும் தடுப்பும் ஒரே இலக்கத்தைப் பெறும்போது, அவ்விலக்கம் எவ்வளவு துல்லியமாயினும் உண்மையைச் சொல்லவில்லை.

இவ்வாறு கூறுவதனால் இயற்கை விஞ்ஞானத்தின் அணுகுமுறையே வேண்டாததென்று முடிவுசெய்தல் பேதைமையாகும். 2012இல் ஏமி வெசலோவ்ஸ்கி முதலியோர் கென்யாவில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடித் தொலைபேசிப் பாவனையாளரின் நகர்வையும் மலேரியாப் பரம்பலையும் இணைத்து ஆராய்ந்தனர். விக்டோரியா ஏரிப் பகுதியிலிருந்து நைரோபிக்கு நோய்க்கிருமி மனிதரோடு பயணம் செய்வதை அவ்வாய்வு காட்டியது. நோயை எங்கே தடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பயனுள்ள வழிகாட்டல் அரிது. தொலைபேசி வைத்திருப்போரின் நகர்வு, அஃது இல்லாதோரின் நகர்வையும் பிரதிபலிக்குமா என்னும் வினாவை அடுத்த ஆண்டிலே எழுப்பி ஆராய்ந்தவரும் அதே ஆய்வாளரே என்பது குறிப்பிடத்தக்கது.

ஹெயிட்டி நாட்டு ஆய்வு இதனினும் சிந்தனைக்குரியது. 2010 ஜனவரி 12ஆந் திகதி நிகழ்ந்த பூமியதிர்ச்சியின் பின், தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை விட்டு மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். சின் லூ, லைனஸ் பெங்சன், பெற்றர் ஹோல்ம ஆகியோர் 19 இலட்சம் பாவனையாளரின் தரவுகளை ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். பெருங்குழப்பத்தில் மக்கள் சிதறி ஓடியிருப்பர் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அவர்கள் சென்ற இடங்கள், அனர்த்தத்திற்கு முன் நத்தார், புத்தாண்டுக் காலத்தில் அவர்கள் சென்றிருந்த இடங்களோடு பெரிதும் ஒத்திருந்தன. உறவினர் இருந்த ஊரையே அவர்கள் நாடினர். துணிக்கைகளின் மொழியில் தொடங்கிய ஆய்வு உறவின் மொழியில் வந்து முடிந்தது. இரு துறைகளும் சந்திக்கக்கூடிய இடத்தை இவ்வாய்வு சுட்டுகின்றது எனலாம்.

சுட்டுகின்றதேயன்றி, அங்கே கொண்டு சேர்க்கவில்லை. உறவு என்பதும் ஓர் அளவாகச் சுருக்கப்படும்போது முன்னைய இடர்ப்பாடே மீள்கின்றது. ஹெயிட்டியில் உறவு புகலிடமாயிற்று. பாக்குநீரிணையின் இருமருங்கிலும் அதே உறவுதான் கங்காணியின் கையிற் கடன் சங்கிலியாயிற்று. இரண்டிலும் மனிதர் தம் உறவினரின் வழியே நகர்ந்தனர். இரண்டும் ஒரே புள்ளிவிபரத் தொடர்பைத் தரக்கூடும். ஒன்றில் உறவு காத்தது என்பதையும், மற்றொன்றிற் கட்டியது என்பதையும் அறிய, ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் கணக்கேடுகளையும் நாட்டார் பாடல்களையும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அத்தகையோர் தம் கடமையைச் செய்துள்ளனரா என்பதே அடுத்த வினா. விமரிசனம் ஒரு சாராருக்கு மட்டும் உரியதாயின் அது நேர்மையாகாது. ஷெல்லர், உறி ஆகியோரின் சிந்தனைச் சட்டகம், நகர்வு சமனற்ற முறையிற் பங்கிடப்பட்ட வளம் என்பதையும், சிலரது நகர்வுக்கு வேறு சிலரது நிலைத்தன்மை அடிப்படையாகின்றது என்பதையும் நன்கு உணர்த்தியது. அது செய்த தொண்டு பெரிது. ஆயினும் அவ்வழிச் சென்ற எழுத்துக்களிற் கணிசமானவை விமான நிலையத்தையும் மோட்டார் வாகனத்தையும் உல்லாசப் பயணியையும் சுற்றியே அமைந்தன. எண்ணிக்கை வேண்டிய இடத்தில் உவமை நின்றது. எத்தனை பேர், எவ்வளவு காலம், எந்த வீதத்தில் என்னும் வினாக்கள் பௌதிகவியலாளருக்கே விடப்பட்டன. அவ்வாறு விட்டபின், அவர்கள் தந்த விடைகளிற் சமுதாயம் இல்லை எனக் குறைகூறுவது முழுமையான நியாயமாகாது. மாதிரியுருவின் எடுகோள்களைப் படித்தறியாத கலைப்பீடத்தான், அதன் முடிவுகளை எதிர்க்கும் தகுதியையும் இழந்து விடுகிறான்.

இவ்வினாக்கள் தூரத்து நாடுகளின் விவகாரம் எனக் கருதுவதற்கில்லை. இலங்கையிலும் லேர்ன்ஏசியா என்னும் ஆய்வு நிறுவனம், பெயர் நீக்கப்பட்ட கையடக்கத் தொலைபேசித் தரவுகளைக் கொண்டு கொழும்பை நோக்கிய நாளாந்தப் போக்குவரத்தை ஆராய்ந்துள்ளது. நகரத் திட்டமிடலுக்கு இதன் பயன் வெளிப்படை. ஆயினும் பெயர் நீக்கம் என்பது எவ்வளவு காப்பளிக்கும் என்பதை 2013இல் டி மொன்ஜோய் முதலியோர் வெளியிட்ட ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. 15 இலட்சம் பேரின் 15 மாதத் தரவில், ஒருவர் எந்நேரத்தில் எவ்விடத்தில் இருந்தார் என்னும் குறிப்புக்கள் நான்கு மட்டும் கிடைத்தால், 95 சதவீதமானோரைத் தனித்து இனங்காண முடியும் என அவர்கள் காட்டினர். அடையாள அட்டையும் சோதனைச் சாவடியும் அனுமதிப் பத்திரமும் நகர்வின் அன்றாட அனுபவமாயிருந்த ஒரு நாட்டில், இம்முடிவு வெறும் கணிதச் செய்தியன்று. நகர்வை அளக்கும் கருவியே நகர்வைத் தடுக்கும் கருவியாகவும் மாறக்கூடும்.

ஆகவே வேண்டப்படுவது இரு துறைகளுக்கிடையே சம்பிரதாயமான நட்புறவு அன்று. ஆய்வு முறையிலேயே மாற்றம். நகர்வின் மாதிரியுருக்களிற் சட்டம், கடன், குடியுரிமை, அனுமதி ஆகியன விதிவிலக்குக் குறிப்புக்களாகவன்றித் தூரத்தோடு சமமான கணியங்களாக இடம்பெறுதல் வேண்டும். தரவில் இல்லாதவர் யாவர் என்பது ஒவ்வோர் ஆய்வின் முதற்பக்கத்திலும் சொல்லப்படல் வேண்டும். மறுபுறத்தில், மானிடவியற் கல்வி பயில்வோர் எண்களுக்கு அஞ்சி ஒதுங்கும் வழக்கத்தைக் கைவிட்டு, ஒரு வளைகோடு எவ்வாறு பெறப்பட்டது, அதனைப் பெறும் பொருட்டு எது வகுத்து நீக்கப்பட்டது எனக் கேட்கும் பயிற்சியைப் பெறுதல் வேண்டும்.

விதிகள் இல்லை என்று வாதிப்பதில் பயனில்லை. மனித நகர்வில் ஒழுங்குகள் உண்டு. ஆயினும் அவற்றுட் சில மனிதரின் இயல்பிலிருந்து வந்தவை. சில மனிதர் மனிதருக்கு இயற்றியவை. தமிழில் 'விதி' என்னும் ஒரு சொல்லே இயற்கையின் நியதிக்கும், அதிகாரி வகுத்த ஒழுங்குக்கும், தலையெழுத்துக்கும் வழங்குகின்றது. தலைமன்னாரிற் கப்பலேறிய தோட்டத் தொழிலாளிக்கு நேர்ந்தது இவற்றுள் எந்த விதி என்பதைப் பகுத்துக் கூற வல்லதே முழுமையான ஆய்வாகும். அதுவரை, இயற்றப்பட்ட விதி இயற்கை விதியின் பெயரால் மீண்டும் மீண்டும் நியாயப்படுத்தப்படும் ஆபத்து நீங்கியதாகக் கொள்ள முடியாது.